பணம் கட்டும் முன் கேட்டிருக்க வேண்டியவை: கோலாலம்பூரில் பயிற்சியாளராக 29 நாள்கள்

2024 ஜூன் 10ஆம் தேதி காலை கோலாலம்பூர் விமான நிலையத்தின் குடிநுழைவு வரிசையில் நின்றபோது, நாற்பத்தெட்டு வகுப்புகளுக்கான பயிற்சித் திட்டம், வகுப்புக்கு ஒரு பக்கமாக அச்சிட்டுக் கட்டப்பட்டு, என் பையில் இருந்தது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வாரம் கால்பந்து பயிற்றுவிக்கும் இன்டர்ன்ஷிப்புக்கென்று பணம் கட்டிப் போயிருந்தேன். அந்த நாற்பத்தெட்டில் நான் நடத்தியவை எட்டு. இருபத்தொன்பதாம் நாள் சென்னைக்கு விமானம் ஏறிவிட்டேன். இதை எழுத ஓராண்டுக்கு மேல் தயங்கினேன். ஏமாந்த கதையைச் சொல்வதில் உள்ள கூச்சம் ஒரு காரணம், அந்தப் பிள்ளைகளைப் பாதியில் விட்டு வந்தது மற்றொரு காரணம். அண்மையில் என் கல்லூரியில் படித்த இளைய மாணவி ஒருத்தி அதே போன்றதொரு விளம்பரத்தை எனக்கு அனுப்பி, "அக்கா, நீங்க போயிட்டு வந்தீங்களே, கட்டலாமா?" என்று கேட்டாள். அவளுக்கு எழுதத் தொடங்கிய பதில்தான் நீண்டு இப்படி ஆயிற்று.

நான் திண்டுக்கல்காரி. உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். முடித்து, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி உரிமப் பயிற்சியும் பெற்று, ஒரு தனியார் பள்ளியில் மாதம் 11,000 ரூபாய்க்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் பயிற்றுவித்த சான்றிதழ் ஒன்று இருந்தால் பெரிய பள்ளிகளில் கதவு திறக்கும் என்று நினைத்த நேரத்தில், கோலாலம்பூரில் வேலை, தங்கும் இடம், மூன்று வேளை உணவு, சான்றிதழ் எல்லாம் சேர்த்து 1,45,000 ரூபாய் என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. தமிழர் வாழும் ஊர், மொழிக்குக் கவலையில்லை என்று அப்பாவும் ஒப்புக்கொண்டார். அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. விளம்பரம் கொடுத்த நிறுவனம் தந்த ரசீதில் இடம் அமர்த்தும் கட்டணம், வழிகாட்டுதல் கட்டணம், ஆவணக் கட்டணம் என்று பல வரிகள் இருந்தன. அவற்றில் ஒன்று "டிஜிட்டல் வருகை அட்டை, 2,500 ரூபாய்". மலேசியாவுக்குள் நுழையும் வெளிநாட்டவர் வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் அரசுத் தளத்தில் நிரப்ப வேண்டிய அந்தப் படிவத்துக்குக் கட்டணமே கிடையாது என்பதையும், கைப்பேசியிலேயே பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்பதையும் நான் பிறகுதான் அறிந்தேன். ஒரு ரசீதில் ஒரு வரி பொய்யென்றால் மற்ற வரிகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்பது நல்லது. குறிப்பாக, கட்டும் தொகையில் எவ்வளவு அந்த ஊரில் பிள்ளைகளோடு இருக்கும் அமைப்புக்குப் போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். என் கணக்கில் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது 900 வெள்ளி, அதாவது ஏறக்குறைய 16,000 ரூபாய் என்று அங்கிருந்த ஒருங்கிணைப்பாளர் அக்கா சொன்னார். அங்கே தமிழர் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். எனக்கும் அது பழகிவிட்டது.

இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்கள் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும், அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மீதான வரியும்தான் என்று விதி இருக்கிறது. பதிவு பெற்றவர்களின் பட்டியல் இந்திய அரசின் இமைகிரேட் தளத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கிறது. நான் பார்த்தேன், அந்த நிறுவனத்தின் பெயர் அதில் இல்லை. கேட்டபோது, "நாங்கள் வேலைக்கு அனுப்புவதில்லை, பயிற்சிக்கு அனுப்புகிறோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள், நானும் அதை நம்பினேன். வேலை என்றால் சட்டம் கேள்வி கேட்கும், பயிற்சி என்று பெயர் மாற்றினால் கேட்காது என்ற நுட்பம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

விசாவைப் பற்றியும் ஒரு முறை கேட்டேன். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் முப்பது நாள் வரை மலேசியாவில் தங்கலாம் என்ற சலுகை நடைமுறையில் இருந்தது. அதைக் காட்டி, விசாவே தேவையில்லை, உள்ளே வந்த பிறகு மீதிக் காலத்துக்குத் தாங்கள் ஏற்பாடு செய்வதாக எழுதினார்கள். பன்னிரண்டு வாரம் என்பது எண்பத்து நான்கு நாள் என்ற கணக்கு எனக்குத் தெரியாததன்று; பணம் கட்டிய பிறகு சந்தேகப்பட மனம் வரவில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. அதிகாரி கேட்டால் சுற்றுலா என்று மட்டும் சொல்ல வேண்டும், விசிலும் கூம்புகளும் கைப்பையில் இருக்கக் கூடாது, பெட்டிக்குள் போய்விட வேண்டும், முப்பது நாளுக்குள் திரும்பும் பயணச் சீட்டைக் காட்ட வேண்டும். நான் அப்படியே செய்தேன். அந்த அதிகாரி முத்திரை குத்தி, "நன்றி" என்று தமிழிலேயே சொன்னார். எனக்கு முகம் சுட்டது. கவுண்டரில் சொல்வதற்கு யாரேனும் உங்களுக்கு ஒரு பொய்யைக் கற்றுக்கொடுத்தால், அந்த இடத்திலேயே பயணத்தை நிறுத்திவிடுங்கள். போன பணம் போகட்டும்.

தங்கும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. இருவர் அறை என்றது, ஒரு கடை வீட்டின் மாடியில் ஆறு பெண்களுக்கான அடுக்குக் கட்டில்களாக இருந்தது. மூன்று வேளை உணவு என்றது காலையில் ரொட்டித் துண்டும் ஜாமும். ஆனால் இடம் கோலாலம்பூரின் செந்தூலில், எல்ஆர்டி எனும் நகர ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் இருந்தது. ரயில்வே பணிமனைக்கு வேலைக்கு வந்த குடும்பங்களின் வழியில் வந்த தமிழர் பலர் இன்னும் வாழும் பகுதி அது. ஆகவே பசித்த நேரத்தில் சோறும் பேச்சும் கிடைத்தன. அறையின் படத்தைக் காட்டு என்று கேட்காதீர்கள், படம் எவரும் காட்டுவார்கள். அந்த அறையில் தற்போது தங்கியிருப்பவரிடம் ஐந்து நிமிடம் பேசவேண்டும் என்று கேளுங்கள்.

நான் பயிற்றுவித்த இடம் மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் கட்டிய மலிவு வாடகை அடுக்குமாடி ஒன்றின் அடியில் இருந்த சிமெண்டுத் தளம். இவ்வகை வீடுகளுக்கு மாத வாடகை 124 வெள்ளி. கம்பி வலை சூழ்ந்த, ஐவர் ஆடும் கால்பந்தான ஃபுட்சாலுக்குரிய திடல், ஒரு பக்கக் கோலுக்கு வலை கிடையாது, நடுவில் ஒரு வெடிப்பு. அனைத்துலக ஆட்டத்துக்குரிய திடல் நாற்பது மீட்டர் நீளமும் இருபது மீட்டர் அகலமும் கொண்டது. இதை நான் காலால் அளந்தபோது இருபத்தெட்டுக்குப் பதினைந்துதான் வந்தது. முதல் நாள் முப்பத்தொரு பிள்ளைகள் வந்தார்கள். பாதிப்பேர் தமிழ்ப் பிள்ளைகள், மற்றவர்கள் மலாய்க்காரர்களும் இந்தோனேசியக் குடும்பத்துப் பிள்ளைகளும். பந்தை உருட்டிவிட்ட மறு நொடியே எல்லாரும் "லாரி! லாரி!" என்று கத்தினார்கள். நான் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தி, எந்தப் பக்கமிருந்து லாரி வருகிறது என்று தெருவைப் பார்த்தேன். மலாயில் லாரி என்றால் ஓடு என்று பொருளாம். தமிழ்ப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அதன்பின் நான் திடலுக்குள் நுழைந்தாலே எவனாவது ஒருவன் "கோச், லாரி!" என்பான். தமிழர் இருக்கும் ஊர் என்பதால் மொழிக் கவலை இல்லை என்று அப்பா சொன்னது வீட்டுக்குள் சரி, திடலுக்குள் சரியில்லை. இடது, வலது, நில், காத்திரு, மெதுவாக, தண்ணீர், வலிக்கிறதா என்பன போன்ற இருபது சொற்களை மலாயில் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தால் முதல் வாரம் வீணாகியிருக்காது. தமிழிலேயும் தடுக்கியது. மாலை ஐந்து மணிக்கு ஒரு தாயிடம், பிள்ளை பசியாறிவிட்டானா என்று நான் கேட்க, அவர் விழித்தார். அங்கே பசியாறுதல் என்றால் காலை உணவு.

என் நாற்பத்தெட்டுப் பக்கங்கள் இரண்டாம் வகுப்பிலேயே பயனற்றுப் போயின. அவை புல்தரையில் பதினொருவர் ஆடும் ஆட்டத்துக்காக, ஆளுக்கொரு பந்து என்ற நினைப்பில் எழுதப்பட்டவை. இங்கே முப்பத்தொருவருக்கு ஐந்து பந்துகள், அவற்றில் மூன்று பெரிய ஐந்தாம் எண் பந்துகள். சிமெண்டில் துள்ளி வலையைத் தாண்டி வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய்விடும். ஃபுட்சாலுக்கு நான்காம் எண், துள்ளல் குறைந்த பந்து வேண்டும். என் காசில் நான்கு வாங்கினேன். பாதிப் பேருக்குக் காலணி இல்லை, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் சூடான சிமெண்டில் ஓடினார்கள். ஆகவே ஆட்டத்தை ஐந்து மணியிலிருந்து ஐந்தரைக்கு மாற்றி, முதல் இருபது நிமிடத்தை அடுக்குமாடியின் நிழல் விழும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். வரிசையில் நின்று முறை வரும்வரை காத்திருக்கும் பயிற்சிகளை எல்லாம் கைவிட்டு, திடலை மூன்றாகப் பிரித்து நால்வர் நால்வராக ஆடவிட்டு, ஆட்டத்தின் நடுவிலேயே திருத்தம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் சண்டை குறைந்தது. நான்காம் வகுப்பில் ஒரு சிறுவன் தலைசுற்றி உட்கார்ந்தான். பள்ளியிலிருந்து வந்து எதுவும் சாப்பிடவில்லை, அம்மா வேலைக்குப் போயிருந்தார். அன்றிலிருந்து ரொட்டியும் மைலோவும் கொடுத்துவிட்டுத்தான் பந்தை எடுத்தேன். வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் பயிற்றுவிக்கப் போகிறவர்கள் உணவுக்கென்று யார் பொறுப்பு என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் பிள்ளைகளை ஓடவிடுவது பயிற்சி ஆகாது. இடியும் அங்கே விளையாட்டன்று. கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை நேரத்து இடி மின்னல் அடிக்கடி வரும். இடி கேட்டவுடன் எல்லாரையும் கூரைக்கடியில் கொண்டுபோய், கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழியாமல் திடலுக்குள் விடக் கூடாது என்ற விதியை நான் கடுமையாகக் கடைப்பிடித்தேன், அதற்காக என்னைத் திட்டாத பையன் இல்லை.

பெண் பிள்ளைகள் முதல் மூன்று வகுப்புகளில் கம்பி வலைக்கு வெளியே நின்று பார்த்தார்கள், உள்ளே வரவில்லை. காரணத்தை வலைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டால் "சும்மா" என்றார்கள். ஆகவே வீடுகளுக்கே போனேன். மின்தூக்கி பழுது, பதினான்காம் மாடி. படியேறிப் போய் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் நின்றபோது அந்த அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு, "நீங்க பொம்பள கோச்சா? ஆம்பள பையனுங்கன்னு நெனச்சேன் ம்மா" என்றார். பலருக்கும் தடையாக இருந்தது தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி, திடலின் ஒரு மூலையில் பாய் விரித்து, ஆட்டத்தில் இல்லாத இருவர் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளும்படி செய்தேன். அடுத்த வகுப்புக்கு ஒன்பது பெண்கள் வந்தார்கள். அந்த நான்கு வாரத்தில் நான் உருப்படியாகச் செய்ததாக நினைப்பது இந்த ஒன்றைத்தான்.

நான் செய்த பெரும் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்களில் ஒருத்தி ஒரு நாள் காலில் தழும்பைக் காட்டி, வீட்டில் அடி வாங்கியதாகச் சொன்னாள். சொல்வதற்கு முன், "யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லுங்க கோச்" என்று கேட்டாள், நானும் சத்தியம் செய்தேன். இரவு முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள் சத்தியத்தை மீறி ஒருங்கிணைப்பாளர் அக்காவிடம் சொன்னபோது அவர் என்னைக் கடிந்துகொள்ளாமல், தாலியான் காசே எனப்படும் 15999 என்ற உதவி எண்ணை அழைத்தார். அரசு நடத்தும் இருபத்து நான்கு மணி நேர எண் அது. அதன்பின் நடந்தவை அந்தப் பிள்ளைக்கு உரியவை, இங்கே எழுதமாட்டேன். எந்தப் பிள்ளைக்கும் இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். "உன்னைப் பாதுகாக்க வேண்டியிருந்தால் சரியான ஒருவரிடம் மட்டும் சொல்வேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் திகைப்பாக இருப்பது, முப்பது பிள்ளைகளோடு என்னைத் தனியாக விட்டவர்கள் என்னைப் பற்றி ஒன்றையும் விசாரிக்கவில்லை என்பதே. இந்தியாவில் 500 ரூபாய் கட்டிப் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகக் காவல்துறை நற்சான்று வாங்கிவிடலாம். அதைக்கூட அந்த நிறுவனம் கேட்கவில்லை. உங்களிடம் கேட்கவில்லையென்றால், உங்களுக்கு முன் வந்தவரிடமும் கேட்கவில்லை, பின் வருபவரிடமும் கேட்கப்போவதில்லை என்று பொருள். அவர்கள் விடாமல் கேட்டது படங்களை மட்டும். பிள்ளைகள் வெறுங்காலோடு சிரிக்கும் படங்கள் வாரத்துக்குப் பத்து வேண்டும் என்றார்கள். முதல் வாரம் அனுப்பினேன். பெற்றோரிடம் கேட்காமல் அனுப்பிய அந்தப் படங்களை நீக்கச் சொல்லிப் பிறகு நான்கு முறை எழுதினேன், இரண்டு இன்னும் அவர்கள் விளம்பரத்தில் இருக்கின்றன.

திடலை ஒட்டி ஓர் அண்ணன் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறும் தே தாரிக் என்னும் பால் தேநீரும் விற்பார். இளவயதில் கிளப் அணியில் கோல்காவலராக ஆடியவர். மலேசிய அணியின் கோல்காவலர் ஆறுமுகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தேநீர் ஆறிவிடும். நீண்ட கைகளுக்காக ஸ்பைடர்மேன் என்று பெயர் பெற்றவர், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றும் மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் போக முடியாமல் போன அணியில் இருந்தவர், 1988இல் சாலை விபத்தில் இறந்தவர். எங்கள் கூட்டத்தில் கோல்காவலராக நின்ற பதினான்கு வயதுப் பையனை அந்த அண்ணனுக்கு மிகவும் பிடிக்கும். "கையப் பாரு, அப்படியே ஆறுமுகம்" என்பார். ஜூன் 28, வெள்ளிக்கிழமை, வகுப்புக்கு முன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் இயல்பாக, "தங்கச்சி, ஒனக்கு என்ன பெர்மிட்டு?" என்று கேட்டார். சுற்றுலாவாக வந்திருப்பதாகச் சொன்னேன். அவர் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் சொன்னதையும் அதன்பின் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். விசா இல்லாமல் நுழைபவருக்குக் கிடைப்பது சமூக வருகை அனுமதி. ஊர் பார்க்கலாம், உறவினரைப் பார்க்கலாம். வேலை செய்ய முடியாது, சம்பளம் வாங்கவில்லை என்பது காப்பாற்றாது. பயிற்சிக்காக வருபவருக்கு உரியது பாஸ் லாவாத்தான் இக்திசாஸ் என்று மலாயில் சொல்லப்படும் தொழில்முறை வருகை அனுமதி. நம்மை ஏற்கும் அமைப்புதான் அதற்கு மலேசியக் குடிநுழைவுத் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும், நாம் நாட்டுக்குள் நுழையும் முன்பே ஒப்புதல் வந்திருக்க வேண்டும், அதிகபட்சம் பன்னிரண்டு மாதம் வரை தருகிறார்கள். அனுமதியின் நிபந்தனையை மீறுவது 1963ஆம் ஆண்டுக் குடிநுழைவு விதிமுறைகளின் 39(பி) விதிப்படி குற்றம். நான் எட்டு வகுப்புகளை, அதாவது எட்டுக் குற்றங்களை, விசில் ஊதி ஊரறியச் செய்திருந்தேன். அந்த நிறுவனத்தை அழைத்தபோது, பேருந்தில் தாய்லாந்தின் ஹாட்யாய்க்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பினால் புது முப்பது நாள் கிடைக்கும் என்றார்கள். புது முத்திரை விழுந்தாலும் அது அதே சுற்றுலா முத்திரைதானே என்று கேட்டேன். தொடர்பு துண்டிக்கப்பட்டது. அக்கா கண்கலங்கினார். எனக்கு அனுமதி வாங்கியிருப்பதாகத்தான் அவரிடமும் சொல்லியிருந்தார்கள். நானும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் என் பாஸ்போர்ட்டைப் பார்க்கவில்லை. பணம் கட்டும் முன்பு ஏற்கும் அமைப்போடு நேரடியாக ஒரு காணொலி அழைப்பில் பேசி, "எனக்கு எந்த அனுமதிக்கு, எந்தத் தேதியில், யார் பெயரில் விண்ணப்பித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. நடுவில் இருக்கும் நிறுவனம் அந்த அழைப்புக்கு இடம் கொடுக்க மறுத்தால் அதுவே பதில்.

மறுநாள், ஜூன் 29, சனிக்கிழமை, அருகிலுள்ள அடுக்குமாடிகளுக்கு இடையே ஃபுட்சால் போட்டி. இரண்டு வாரமாக அதற்காகத்தான் தயாராகியிருந்தோம். அந்தக் கோல்காவலர் பையனைத்தான் முதல் பெயராகப் பட்டியலில் எழுதி, எல்லார் முன்னிலையிலும் படித்துக் கைதட்டவும் வைத்திருந்தேன். ஐசி எனப்படும் அடையாள அட்டையின் நகலை எல்லாரும் கொண்டுவர வேண்டும் என்று அறிவித்தபோது அவன் என் பக்கத்தில் வந்து, குரலில் எந்த வருத்தமும் இல்லாமல், "கோச், எனக்கு ஐசி இல்ல. வேற ஆளப் போடுங்க" என்றான். மலேசியாவில் பன்னிரண்டு வயதில் அந்த அட்டை எடுக்க வேண்டும். அவனுடைய அப்பா மலேசியர், அம்மா அப்படியில்லை, கோவிலில் நடந்த திருமணத்தை அவன் பிறக்கும் முன் பதிவு செய்யவில்லை. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் குடியுரிமை வருவதில்லை. அங்கேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, மூன்று மொழி பேசி, ஒரு தாளில்லாததால் எந்தப் போட்டியிலும் நிற்க முடியாத பிள்ளைகள் தமிழ்க் குடும்பங்களில் கணிசமாக உண்டு என்பதை அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நானே பேசி அனுமதி வாங்கித் தருகிறேன் என்று அவனிடம் வீறாப்பாகச் சொன்னேன். ஏற்பாட்டாளரிடம் கெஞ்சினேன். நடக்கவில்லை. இத்தகைய பிள்ளைகளோடு வேலை செய்யப் போகிறவர்கள், அணியை அறிவிக்கும் முன் யாரிடம் எந்த ஆவணம் இருக்கிறது என்பதை அக்கா போன்ற உள்ளூர்க்காரரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆவணம் கேட்காத நட்பு ஆட்டங்களையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

போட்டியன்று நான் பயிற்சியாளர் இருக்கையில் உட்காரக் கூடாது. அவன் திடலுக்குள் இறங்கக் கூடாது. இருவரும் கம்பி வலைக்கு வெளியே ஒரே பலகையில் உட்கார்ந்து பார்த்தோம். அக்கா எங்கள் அணியின் ஓரத்தில் நின்று எனக்குத் தெரிந்த விசிலை ஊதிக்கொண்டிருந்தார். இரண்டாவது ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றோம். மூன்றாவது கோல் விழுந்தபோது அவன், "நான் அந்தப் பக்கம் நின்னுருப்பேன்" என்றான். சிறிது நேரம் கழித்து, "ஒங்களுக்கும் பெர்மிட் இல்லையா கோச்? அண்ணே சொன்னாரு" என்றான். ஆமாம் என்றேன். "அப்ப நீங்க எப்ப போறீங்க?" என்று கேட்டான். மற்ற பயிற்சியாளர்களும் இப்படித்தான் போயிருக்கிறார்களா என்று நான் கேட்டதற்கு, விரல்விட்டு எண்ணி, "நீங்க அஞ்சாவது" என்றான். கோபமோ குறையோ இல்லாமல் அவன் அதை எண்ணிய விதம்தான், ஒன்றரை லட்சத்தை விடவும், எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

மீதி ஒன்பது நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. மாலையானால் பந்துச் சத்தம் கேட்கும், அறையிலேயே இருப்பேன். எதையாவது விட்டுச் செல்ல வேண்டும் என்று, அந்த நாற்பத்தெட்டுப் பக்கத்தைக் கிழித்தெறிந்துவிட்டு, ஐந்து பந்தும் இருபத்தெட்டு மீட்டர்த் திடலும் மட்டும் இருந்தால் நடத்தக்கூடிய பன்னிரண்டு வகுப்புகளைப் படம் வரைந்து எழுதி அக்காவிடம் கொடுத்தேன். பயிற்றுவிக்காமல் எழுதுவதற்கு எவரிடமும் அனுமதி வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன், அதுவும் சரியா என்று தெரியாமலே. ஜூலை 8 அன்று அதே சுற்றுலாப் பயணச் சீட்டில் திரும்பினேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நிறுவனத்துக்கு 1,45,000, விமானச் சீட்டு 21,000, காப்பீடு 3,900, காலணியும் உடையும் 6,000, அங்கே உணவு, பயணம், பந்து, ரொட்டி, மைலோ எல்லாம் சேர்த்து 1,300 வெள்ளி, அதாவது ஏறக்குறைய 23,400 ரூபாய். ஆக 1,99,300. விட்டுவிட்டுப் போன பள்ளி வேலை மறுபடி கிடைக்கவில்லை, அடுத்த வேலைக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அடகு வட்டி தனி. எல்லாம் வங்கிப் பரிமாற்றமாகக் கொடுத்திருந்ததும், குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்ததும் எனக்குக் கைகொடுத்தன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்து, பிறகு வழக்கறிஞர் ஒருவர் வழியாக அறிவிப்பு அனுப்பினோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குக் கட்டணம் கிடையாது, இணையவழியாகவே தாக்கல் செய்யலாம் என்று அவர் சொன்னதும், அந்தச் செய்தி எதிர்த் தரப்புக்குப் போனதும் 40,000 ரூபாயோடு சமரசம் பேச வந்தார்கள். அப்பா போதும் என்றார், வாங்கிக்கொண்டேன். வழக்கை நடத்தியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. புறப்பட்ட பின் பணம் திரும்பக் கிடைக்காது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைக் கண்டு பயந்து சும்மா இருந்துவிடாதீர்கள், பொய் சொல்லி விற்றதற்கு அந்த வரி மறைப்பாகாது என்றுதான் வழக்கறிஞர் சொன்னார்.

என் இளைய தோழி, போகவே கூடாதா என்று கேட்டாள். போகலாம். கையில் ஒப்புதல் கடிதம் வந்த பிறகு போ, பன்னிரண்டு வாரத்துக்குப் பதில் ஆறு மாதமோ ஓராண்டோ இருக்க முடிந்தால் போ, அங்கே ஏற்கெனவே பயிற்றுவிக்கும் உள்ளூர்க்காரர் ஒருவருக்கு உதவியாளாகப் போ, உனக்கு முன் அங்கே இருந்த இருவரின் தொலைபேசி எண்ணை வாங்கிப் பேசிவிட்டுப் போ என்று எழுதினேன். ஏதாவது தவறாகிவிட்டால் பயந்து ஒளிந்திருக்காமல் மொன்ட் கியாராவில் உள்ள இந்தியத் தூதரகத்தின் எண்ணை முதல் நாளே கைப்பேசியில் பதிந்துகொள்ளும்படியும் எழுதினேன். நான் ஒன்பது நாள் ஒளிந்திருந்தேன், அழைக்கவில்லை.

அந்தத் திடலில் இப்போது பதினான்காம் மாடி வீட்டுப் பெண் பிள்ளையின் மூத்த சகோதரி, கல்லூரியில் படிப்பவள், வாரம் இரண்டு நாள் பயிற்சி நடத்துகிறாள். ஐயம் வந்தால் காணொலியில் அழைப்பாள், பின்னால் யாரோ "லாரி" என்று கத்துவது கேட்கும். அந்தப் பையனுக்காக, குறிப்பிட்ட வயதுக்குட்பட்டவர்களைக் குடிமகனாகப் பதிவு செய்ய இடம் தரும் மலேசிய அரசமைப்பின் 15ஏ பிரிவின்படி அக்கா விண்ணப்பம் போட உதவியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. சனிக்கிழமைகளில் அவன் வலையில்லாத பக்கத்துக் கோலில் நிற்கிறான்.